ஒரே ஸ்டேஷன் நாலு இடத்துல கேட்குதா? ரேடியோ கெட்டுப் போகலை... சிக்னல்தான் ஜாஸ்தி!

சிற்றலை ரேடியோவை ஆன் செய்து 49 மீட்டர் பேண்டில் முள்ளை நகர்த்துகிறீர்கள். ஏதோ ஒரு வெளிநாட்டு நிலையம் வரவேண்டிய இடத்தில், கோவை வானொலியின் செய்தி கேட்கிறது. 31 மீட்டரில் சற்று முன் கேட்ட அதே பாட்டு, நிலையமே இருக்கக் கூடாத இன்னொரு இடத்தில் மறுபடியும் ஓடுகிறது. இடையில் எல்லாம் ஒரே இரைச்சல். "செட்டு போச்சுங்க" என்று மெக்கானிக்கைத் தேடுபவர்கள் உண்டு. "ஏரியல் பத்தல" என்று மொட்டை மாடியில் இன்னும் 10 மீட்டர் வயரை இழுத்துக் கட்டுபவர்கள் அதைவிட அதிகம்.

இந்த இரண்டாவது வைத்தியம்தான் நோயை முற்ற வைக்கிறது. பெரும்பாலான நேரங்களில் செட்டில் கோளாறே இருக்காது. தாங்க முடியாத அளவுக்குச் சிக்னல் உள்ளே போவதுதான் பிரச்னை. இதற்கு 'ஓவர்லோடு' என்று பெயர்.

ஏரியல் பழக்கம் எங்கிருந்து வந்தது?

ஏரியலைப் பெரிதாக்கினால் நன்றாகக் கேட்கும் என்ற நம்பிக்கை சும்மா வந்ததில்லை. கோவை வானொலி நிலையம் தொடங்கியது 1966-ல். அதற்கு முன்பு கொங்கு வட்டாரத்துக்குத் தமிழ் ஒலிபரப்பு என்றால் 1939-ல் தொடங்கிய திருச்சி, அதையும் தாண்டினால் சிற்றலையில் இலங்கை வானொலி. இரண்டுமே தூரம். அதனால் கூரை மேல் இரண்டு மூங்கிலை நட்டு, நடுவில் செம்புக் கம்பி வலையைக் கட்டுவார்கள். மயில்வாகனனும், பின்னாளில் கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் நம்மூர் வீடுகளுக்குள் வந்தது இப்படித்தான். பக்கத்தில் பலமான நிலையம் எதுவும் இல்லாத காலம் அது. கிடைத்ததை எல்லாம் இழுத்துப் பிடிப்பதில் நஷ்டமில்லை. வால்வு செட்டுகளும் பெரிய சிக்னலை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் ரகம்.

இப்போதைய சிங்காநல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். கோவை வானொலிக்கு மீடியம் வேவில் 999 கிலோஹெர்ட்ஸ். எஃப்.எம்.மில் ரெயின்போவும், ஹலோ, சூரியன், மிர்ச்சி, ரேடியோ சிட்டி என்று தனியார் நிலையங்களும். போதாக்குறைக்கு, கையடக்க செட்டுக்குள் இருப்பதோ சின்னஞ்சிறு சிப். தூர தேசத்துச் சிற்றலை நிலையம் ஏரியலில் சில பத்து மைக்ரோவோல்ட் தந்தால், உள்ளூர் நிலையம் அதைப்போல பல ஆயிரம் மடங்கு தர முடியும். நீள வயர் இரண்டையும் சேர்த்தேதான் கூட்டிக்கொண்டு வரும்.

உள்ளே என்ன நடக்குது?

ரேடியோவின் முதல் டிரான்சிஸ்டருக்கு ஒரு எல்லை உண்டு. அதற்குள் இருக்கும் வரை, வந்த சிக்னலை அப்படியே பெரிதாக்கித் தரும். எல்லை மீறினால் அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் இருந்து புதுப்புது அலைகள் பிறக்கும். கணக்கு ரொம்ப எளிது. 999-ஐ இரண்டால் பெருக்கினால் 1,998. மூன்றால் 2,997. ஆறால் பெருக்கினால் 5,994 கிலோஹெர்ட்ஸ். அது சரியாக 49 மீட்டர் பேண்டுக்குள் விழுகிறது! செய்தி அங்கே கேட்டதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

இரண்டு பலமான நிலையங்கள் சேர்ந்துவிட்டால் கலவையும் பிறக்கும். உதாரணத்துக்கு, திருச்சியின் 936-ஐயும் கோவையின் 999-ஐயும் கூட்டினால் 1,935. அந்த இடத்தில் இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கேட்கும். காற்றில் அப்படி ஒரு நிலையமே இல்லை. உங்கள் செட்டு தனக்குள்ளே தயாரித்தது அது.

இன்னொரு அறிகுறி கொஞ்சம் நுட்பமானது. பலவீனமான நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்துப் பலசாலியின் பேச்சு ஏறி இறங்கும் தாளத்துக்கே நம் நிலையமும் அமுங்கி எழும்.

எல்லாம் ஓவர்லோடு இல்லை

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். நிழல் நிலையம் என்று ஒன்று இருக்கிறது, 'இமேஜ்' என்பார்கள். மலிவான செட்டுகள் வரும் சிக்னலை 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வேலை செய்யும். அதில் ஒரு ஓட்டை: அந்த எண்ணின் இரு மடங்கு, அதாவது 910 தள்ளியும் அதே நிலையம் தலைகாட்டும். 9,600-ல் இருக்கும் நிலையம் 8,690-லும் கேட்டால் அது நிழல். அதனால் முதலில் ஒரு பேப்பரில் இரண்டு எண்களையும் எழுதிக் கழித்துப் பாருங்கள். 910 பக்கம் வந்தால் சந்தேகமே வேண்டாம். கொஞ்சம் விலை கூடிய செட்டுகளில் சிக்னலை முதலில் 55 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயரத்துக்கு ஏற்றிவிட்டுப் பிறகு இறக்குவார்கள். நிழலும் எங்கோ தூரத்துக்குப் போய்விடும்.

அடுத்தது வெறும் இரைச்சல். எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்டர்நெட் பெட்டியின் அடாப்டர், மாடி சோலார் இன்வெர்ட்டர், மில்களிலும் பட்டறைகளிலும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் என எல்லாமே சிற்றலையில் குப்பை கொட்டுபவை. (கோவைக்குப் பேர் வாங்கித் தந்த வெட் கிரைண்டரைக் குற்றம் சொல்ல வேண்டாம். அதில் பொதுவாக இருப்பது கார்பன் பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார். சட்னி அரைக்கும் மிக்ஸிதான் தீப்பொறி கிளப்பும் பார்ட்டி.)

இரைச்சலா, ஓவர்லோடா என்று பிரித்துப் பார்க்க செட்டை பேட்டரியில் போட்டு, வீட்டு மெயின் சுவிட்சை இரண்டு நிமிடம் அணைத்தால் பாதி விடை கிடைத்துவிடும். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இது போதாது. பக்கத்து வீட்டு அடாப்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவர்கள் சாயங்காலம் செட்டை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர் குளக்கரைப் பக்கம் ஒரு நடை போய்வரலாம். அங்கே இரைச்சல் அடங்கினால் குற்றவாளி வீட்டைச் சுற்றித்தான் இருக்கிறது.

10 டெசிபல் பரிசோதனை

உறுதியான சோதனை ஒன்று உண்டு. காசு செலவும் அதிகமில்லை. வரும் சிக்னலை வேண்டுமென்றே 10 டெசிபல் குறைக்க வேண்டும். உண்மையான நிலையம் என்றால் அதுவும் 10 டெசிபல்தான் குறையும். இரைச்சலும் அப்படித்தான். ஆனால் செட்டுக்குள் பிறந்த போலி அப்படி இல்லை. இரண்டு மடங்கு எண்ணில் வரும் போலியும், இரண்டு நிலையங்களைக் கூட்டி வரும் போலியும் 20 டெசிபல் விழும். மூன்று மடங்கில் வருவது 30 விழும். அதாவது, நிஜம் கொஞ்சம் மங்கும், பொய் மாயமாகும்.

சிக்னல் அளவை எண்ணில் காட்டும் டெக்சன் போன்ற செட்டு இருந்தால் நேரடியாகவே படிக்கலாம். இல்லாவிட்டால் காதே போதும். செட்டில் 'லோக்கல் - டி.எக்ஸ்' சுவிட்ச் இருந்தால் லோக்கலுக்குத் தள்ளுங்கள். அதுவும் இல்லையா? கம்பி ஏரியலைப் பாதியாக மடக்கிப் பாருங்கள். 50 ஓம் கேபிள் போட்டவர்கள் மூன்று ரெசிஸ்டரிலேயே சமாளிக்கலாம்: சிக்னல் போகும் வழியில் 68 ஓம், அதன் இரு முனையில் இருந்தும் எர்த்துக்கு ஆளுக்கொரு 100 ஓம். கிட்டத்தட்ட 10 டெசிபல் குறையும்.

இந்தச் சோதனையிலேயே நிறைய பேருக்குப் பிரச்னை தீர்ந்துவிடுகிறது. சிற்றலையில் காற்றோடு வரும் இரைச்சலே அதிகம் என்பதால், 10 டெசிபல் குறைத்தாலும் கேட்கும் தெளிவு பெரிதாகக் கெடாது. வால்யூமைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் சரி.

ஃபில்டரை எங்கே வைக்கணும்?

செட்டு வாங்கும்போது "எத்தனை பேண்ட்விட்த் இருக்கு? 6, 4, 2 கிலோஹெர்ட்ஸ் மூணும் இருக்கா?" என்று கேட்பது வழக்கம். நல்ல கேள்விதான். சிற்றலையில் நிலையங்களுக்கு இடையே 5 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. பக்கத்து நிலையம் உரசினால் இந்த ஃபில்டர் காப்பாற்றும். ஆனால் ஓவர்லோடுக்கு இது சல்லிக்காசு பிரயோஜனம் இல்லை. போலி பிறந்தது முதல் டிரான்சிஸ்டரில். இந்த ஃபில்டர் இருப்பதோ அதற்குப் பின்னால். 5,994-ல் பிறந்த போலி, அதன் கண்ணுக்கு அசல் நிலையம் மாதிரியேதான் தெரியும். தடுப்பதாக இருந்தால் வாசலிலேயே, ஏரியலுக்கும் செட்டுக்கும் நடுவில் தடுக்க வேண்டும்.

மீடியம் வேவ் மொத்தத்தையும் வெளியே நிறுத்த ஹை-பாஸ் ஃபில்டர். 1,800 பிகோஃபாரட் கண்டன்சர் இரண்டை வரிசையாகப் போட்டு, அவை சேரும் இடத்தில் இருந்து எர்த்துக்கு 2.2 மைக்ரோஹென்றி காயில் ஒன்று. அவ்வளவுதான் சர்க்யூட். கண்டன்சரில் 182 என்று அச்சிட்டிருக்கும். கிடைக்காவிட்டால் 102, 821 இரண்டையும் பக்கம் பக்கமாக இணைத்துக்கொள்ளலாம். ரெசிஸ்டர் போலவே இருக்கும் காயிலில் சிவப்பு, சிவப்பு, தங்கக் கோடுகள். 1.8 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தாராளமாக விடும். 999-ஐ சுமார் 15 டெசிபல் அமுக்கும். "வெறும் 15-தானா?" என்று தோன்றலாம். மேலே பார்த்த கணக்குப்படி, 1,998-ல் வரும் போலி 30 டெசிபல் விழுந்துவிடும். இந்த அளவுகள் 50 ஓமுக்குப் போட்டவை. வெறும் நீள வயர் என்றால் இடையில் ஒன்பதுக்கு ஒன்று டிரான்ஸ்பார்மர் வைத்தால்தான் கணக்கு ஓரளவு ஒத்துவரும்.

ஒரே ஒரு நிலையம்தான் தொந்தரவு என்றால், பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் வித்தை இன்னும் சுலபம். பரணில் கிடக்கும் செத்துப்போன பாக்கெட் ரேடியோவைப் பிரியுங்கள். ஃபெரைட் கம்பியில் சுற்றிய காயில், அதோடு ஜோடி சேர்ந்த கேங் கண்டன்சர் இரண்டும் மீடியம் வேவ் முழுக்க டியூன் ஆவதற்கென்றே செய்யப்பட்டவை. இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்து, ஏரியல் வயரை அதன் வழியாகவே செட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். செட்டை 999-ல் வைத்து, கோவை வானொலி ஒலிக்கும்போது கேங்கை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் சத்தம் குபுக்கென்று விழும். அங்கேயே விட்டுவிடலாம். இதன் பேர் 'வேவ் டிராப்'. ஃபெரைட் கம்பி தானே ஒரு ஏரியல் என்பதால், அதை ஒரு தகர டப்பாவுக்குள் வைப்பது நல்லது. காயில் தகரத்தை ஒட்டாமல் சற்றுத் தள்ளி இருக்கட்டும்.

லேப்டாப்பில் கேட்பவர்களுக்கு

கல்லூரி மாணவர்கள் கையில் இப்போது யு.எஸ்.பி. டாங்கிள் ரேடியோ, அதாவது எஸ்.டி.ஆர். பரவலாக இருக்கிறது. ஆர்.டி.எல். வகையில் சிக்னலை எண்ணாக மாற்றும் பகுதி வெறும் 8 பிட். பலசாலிக்கும் பலவீனருக்கும் இடையே சுமார் 48 டெசிபல் இடம்தான். ஒரு உள்ளூர் நிலையம் அதை நிரப்பிவிட்டால், மற்றவர்களுக்கு உட்காரவே இடமில்லை. திரை முழுக்கக் கோடுகளாகத் தெரியும். கெயினைக் குறைப்பதுதான் முதல் வேலை. 'ஆட்டோ' நம்பகமில்லை.

சிற்றலைக்காக நேரடி சாம்ப்ளிங் முறையில் ஓட்டினால் கூடுதலாக ஒரு மடிப்பு விளையாட்டும் உண்டு. நொடிக்கு 28.8 மில்லியன் முறை அளப்பதால், அதன் பாதியான 14.4 மெகாஹெர்ட்ஸில் பேண்டே பேப்பர் மாதிரி மடிந்துவிடும். 11.9-ல் இருக்கும் நிலையம் 16.9-லும் தெரியும். கெயினைக் குறைத்தாலும் இது போகாது, 10 டெசிபல் சோதனையிலும் நிஜம் போலவே நடிக்கும். 28.8-ல் இருந்து கழித்துப் பார்த்தால்தான் பிடிபடும். 14 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் விடும் லோ-பாஸ் ஃபில்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டால் தொல்லையில்லை.

கேட்க என்னதான் மிச்சம் இருக்கு?

நியாயமான கேள்வி. 1941-ல் தொடங்கிய பிபிசி தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30-ம் தேதியோடு நின்றது. வேரித்தாஸின் தமிழ் ஒலிபரப்பு 2018-ல் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போனது. மிச்சம் இருப்பவை குறைவு, தூரத்தில் இருந்து வருபவை, பல நாள் மங்கலாகவே கேட்பவை. தமிழோசை பளிச்சென்று வந்த காலத்தில் உள்ளூர் போலிகளைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. இப்போதைய மெல்லிய சிக்னலை ஒரே ஒரு போலி முழுசாக மூடிவிடும்.

ஒரு எச்சரிக்கை. மாடியில் வயர் இழுத்தவர்கள் அது மின்கம்பிகளுக்கு மேலேயும் கீழேயும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடி இடிக்கும் அறிகுறி தெரிந்தாலே ஏரியலைச் செட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். மேலே சொன்ன எந்த ஃபில்டரும் மின்னலைத் தடுக்காது.