தாடை மூட்டு வலியா? ஞானப்பல் வலியா?



"காது கிட்ட ஆரம்பிச்சு தாடை பூரா வலிக்குது, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டா சரியாயிடும்" என்ற பேச்சு நம் குழுக் கூட்டங்களில் அடிக்கடி வருகிறது. சிலர் அவசரக் கடன் வாங்கி, நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள். பல் போகிறது, வலி போவதில்லை. வேறு சிலர் "வெறும் தாடை வலிதானே" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். சீழ் பிடித்து, கழுத்து வரை வீங்கின பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். இரண்டும் நமக்கு நஷ்டம். எந்த வலி எங்கிருந்து வருகிறது என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அதைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம்.

தாடை மூட்டு எங்கே இருக்கிறது?

கதவுக்குக் கீல் இருப்பதுபோல நம் கீழ்த்தாடைக்கு இரண்டு மூட்டுகள் உண்டு. இரண்டு காதுகளுக்கும் சற்று முன்னால் ஒன்று ஒன்றாக இருக்கின்றன. பேச, மெல்ல, கொட்டாவி விட என்று நாள் முழுக்க இவை வேலை செய்கின்றன. காதுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இந்த மூட்டு வலித்தால் காது வலி போலவே தெரியும்.

ஞானப்பல் என்பது எது?

வாயின் கடைசியில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று முளைக்கும் பற்கள் இவை. பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். சிலருக்கு முளைப்பதே இல்லை. தாடையில் இடம் போதாவிட்டால் பல் சாய்ந்து, பாதி வெளியே பாதி ஈறுக்குள் நிற்கும். அந்த ஈறு மடிப்புக்குள் சோறும் கிருமியும் தங்கிப் புண்ணாகிவிடும். கீழ் ஞானப்பல்லில்தான் இந்தத் தொந்தரவு அதிகம்.

வீட்டில் செய்து பார்க்க நான்கு சோதனைகள்

1. விரல் சோதனை: இரண்டு காதுகளுக்கும் முன்னால் ஆள்காட்டி விரலை வைத்து வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் எலும்பு நகர்வது தெரியும். அந்த இடத்திலேயே வலித்தால், அதோடு 'டக்' என்ற சத்தமும் வந்தால், மூட்டு வலியாக இருக்கலாம். வலி இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். பலருக்கு அப்படி உண்டு. அதற்கு வைத்தியம் தேவையில்லை.

2. டார்ச் சோதனை: கண்ணாடி முன் நின்று, டார்ச் அடித்துக் கடைசிப் பல்லின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஈறு சிவந்து வீங்கியிருக்கிறதா? அமுக்கினால் சீழ் வருகிறதா? வாயில் கெட்ட நாற்றம், கசப்பு இருக்கிறதா? இருந்தால் ஞானப்பல் தொந்தரவுதான். மூட்டு வலியில் ஈறு வீங்காது, சீழும் வராது.

3. நேரச் சோதனை: காலையில் எழுந்ததும் தாடை இறுகி, நெற்றிப்பொட்டு வரை வலித்து, மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் கூடுகிறதா? அது மூட்டு, தசை வலி. குளிர்ந்த தண்ணீர், சூடான டீ, இனிப்பு பட்டால் 'சுரீர்' என்கிறதா? ராத்திரியில் 'விண் விண்' என்று தெறிக்கிறதா? அது பல் வலி.

4. மூன்று விரல் சோதனை: உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். சாதாரணமாக மூன்றும் நுழையும். இரண்டு வகை வலியிலும் வாய் திறப்பது குறையலாம். ஆகவே இந்தச் சோதனை எந்த வலி என்று சொல்லாது. நிலைமை எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்லும்.

சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஒரு பக்கப் பல் வலிக்கிறது என்று மறு பக்கமாகவே மென்று மென்று அந்த மூட்டும் வலிக்க ஆரம்பித்துவிடும். சந்தேகமாக இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் பல்லைப் பிடுங்கச் சம்மதிக்காதீர்கள்.

மூட்டு வலி ஏன் வருகிறது?

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது, கவலையில் நம்மை அறியாமல் பல்லை இறுக்கிக்கொள்வது, தையல் நூலையும் பூ நாரையும் பல்லால் அறுப்பது, தாடையில் அடிபடுவது ஆகியவை முக்கிய காரணங்கள். "தவணை கட்டணுமே" என்ற கவலை தாடையிலும் வந்து உட்காரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த வலி அதிகம் வருகிறது.

வீட்டில் அடி வாங்கியதால் தாடை வலித்தால் "கீழே விழுந்துட்டேன்" என்று மறைக்க வேண்டாம். டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எலும்பு முறிந்திருக்கலாம். பெண்கள் உதவி எண் 181. குழுவும் உங்களுக்குத் துணை நிற்கும்.

என்ன செய்யலாம்?

மூட்டு வலிக்கு:
* 2 வாரம் கஞ்சி, இட்லி, குழைந்த சாதம் சாப்பிடுங்கள். முறுக்கு, கரும்பு வேண்டாம்.
* வெதுவெதுப்பான துணியால் காதுக்கு முன்னால் 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். தினம் இரண்டு மூன்று முறை செய்யலாம்.
* கொட்டாவி வந்தால் முகவாயைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.
* சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கட்டும், பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டாம்.

பலருக்கு இதிலேயே சில வாரங்களில் குறைந்துவிடும். குறையாவிட்டால் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஞானப்பல் வலிக்கு:
* ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகெல்லாம் கொப்பளியுங்கள்.
* மெதுவான பிரஷ்ஷால் கடைசிப் பல்லையும் துலக்குங்கள்.
* கன்னம் வீங்கியிருந்தால் வெளியே சூடு ஒத்தடம் வேண்டாம்.
* ஓரிரு நாளில் பல் டாக்டரைப் பாருங்கள். ஈறு மடிப்பைச் சுத்தம் செய்தாலே சிலருக்குச் சரியாகிவிடும். திரும்பத் திரும்ப வந்தால்தான் பல்லை எடுக்கச் சொல்வார்கள்.

இரண்டுக்குமே செய்யக்கூடாதவை: ஈறில் புகையிலையோ சுண்ணாம்போ வைக்காதீர்கள், வெந்து புண்ணாகிவிடும். காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பிணிகளும், வயிற்றுப்புண், கிட்னி கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் எந்த வலி மாத்திரையும் போடக்கூடாது. கர்ப்பமாக இருக்கும்போதும் பல் வைத்தியம் செய்துகொள்ளலாம். டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

தாமதிக்கவே கூடாத அறிகுறிகள்

* காய்ச்சலோடு தாடைக்கு அடியில், கழுத்தில் வீக்கம் பரவுவது
* எச்சில் விழுங்க முடியாமல் போவது, மூச்சுத் திணறுவது
* வீக்கத்தோடு வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்காமல் போவது
* கொட்டாவி விட்ட பிறகு திறந்த வாயை மூட முடியாமல் போவது
* வேலை செய்யும்போது தாடை வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, இடது கை வலி வருவது. இது பல் வலி அல்ல, மாரடைப்பாக இருக்கலாம்.

இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாக்கு, புகையிலை போடுபவர்களுக்கு வலியே இல்லாமல் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியாமல் போகும். காரம் பட்டாலே எரியும். அது மூட்டும் இல்லை, ஞானப்பல்லும் இல்லை. பிறகு புற்றுநோயாக மாறக்கூடிய நோய் அது. பாக்கை அன்றே நிறுத்திவிட்டுப் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எங்கே போவது?

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும், பல வட்ட மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. சென்னையிலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. கடன் வாங்கும் முன் அங்கே போய் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். "எந்தப் பல்லு, ஏன் எடுக்கணும்?" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

அடுத்த மாதக் கூட்டத்தில், படிக்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். விரல் சோதனையையும் மூன்று விரல் சோதனையையும் எல்லோரும் சேர்ந்து செய்து பாருங்கள். யாருக்காவது மூன்று விரல் நுழையவில்லை என்றால், அவரைத் தனியே அனுப்பாமல் குழுவில் ஒருவர் கூடவே மருத்துவமனைக்குப் போங்கள்.