சிம்ப்யூட்டரும் அறிவுசார் சொத்துரிமையும்

பெங்களூருவின் மல்லேசுவரத்தை அடுத்து, மரங்கள் அடர்ந்த வளாகம் ஒன்றில் இந்திய அறிவியல் கழகம் இயங்கி வருகிறது. நகரத்து முதியோர் பலர் அதனை இன்றும் ‘டாட்டா இன்ஸ்டிட்யூட்’ என்றே வழங்குவர். அங்குப் பணியாற்றிய சுவாமி மனோகர், விஜய் சந்துரு, வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகிய பேராசிரியர்கள், அந்நகரின் என்கோர் நிறுவனப் பொறியாளர்களுடன் இணைந்து 2001ஆம் ஆண்டில் கையடக்கக் கணினி ஒன்றை அறிமுகப்படுத்தினர். அதன் பெயர் சிம்ப்யூட்டர்.

அதற்கு விசைப்பலகை இல்லை. எழுதுகோல் போன்ற குச்சியால் திரையைத் தொட்டு இயக்க வேண்டும். எழுத்தறியாதவரும் பயன்பெறும் வண்ணம், இந்திய மொழி எழுத்துகளை ஒலியாக மாற்றிப் படித்துக் காட்டும் மென்பொருளும் அதற்கென உருவாக்கப்பட்டது. சிற்றூர் ஒன்றில் பலர் ஒரே கருவியை முறைவைத்துப் பயன்படுத்தலாம். அவரவர் விவரங்களைத் தனித்தனி ஸ்மார்ட் அட்டையில் சேமித்துக்கொள்ளலாம். விலை 10,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும் என்பது ஆக்கியோரின் நோக்கம்.

இவ்விடத்தில் ஒரு வினா எழுந்தது. இக்கருவியின் வடிவமைப்பு யாருக்கு உரியது? அதனை மறைத்து வைத்தால் ஒரு நிறுவனம் மட்டுமே கருவியைச் செய்ய இயலும். போட்டியின்றி விலை குறையாது. எவரும் எடுத்துக்கொள்க என விட்டுவிட்டால், பெருநிறுவனம் ஒன்று சிறிது மாற்றம் செய்து, ‘இது எமது’ என்று வேலியிட்டுக்கொள்ளக் கூடும். அவர்கள் கண்ட விடையை உணர, அறிவுசார் சொத்துரிமை பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

ஒருவருடைய மிதிவண்டியை மற்றொருவர் எடுத்துச் சென்றால் உரியவர் அதனை இழந்துவிடுகிறார். மென்பொருள் அத்தகையதன்று. ஒரு படி எடுத்த பின்னும் மூலம் உரியவரிடமே இருக்கும். ஆயினும் பல மாத உழைப்பின் பயன் நொடிப்பொழுதில் பிறர் கைக்குப் போய்விடுகிறது. கண்ணுக்குப் புலப்படாத இவ்வுடைமையைக் காப்பதற்கே தனிச் சட்டங்கள் தேவைப்பட்டன.

அவற்றுள் மென்பொருளுக்கு முதன்மையானது பதிப்புரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம், கணினி நிரலையும் ‘இலக்கியப் படைப்பு’ என்னும் வகையில் சேர்த்தது. கவிதையும் கணினி நிரலும் சட்டத்தின் பார்வையில் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பது வியப்புக்குரியதே! படைப்பு உருவான பொழுதே உரிமையும் பிறந்துவிடும். பதிவு செய்தல் கட்டாயமன்று. ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை அது நீடிக்கும்.

பதிப்புரிமை கருத்தைக் காப்பதில்லை. கருத்து வெளிப்படும் வடிவத்தையே காக்கிறது. பசவனகுடியில் ஆண்டுதோறும் நடைபெறும் கடலைக்காய்ப் பரிசை பற்றி இரு மாணவர் கட்டுரை எழுதுவதாகக் கொள்வோம். திருவிழா இருவருக்கும் பொது. ஒருவர் எழுதிய தொடர்களை மற்றவர் அப்படியே எழுதிக்கொள்வதுதான் தவறு. நிரலுக்கும் இதுவே நெறி. விலை கொடுத்து வாங்கிய மென்பொருளைக் கெட்டுப்போனால் உதவும் பொருட்டுத் தனக்கென ஒரு படி எடுத்து வைக்கச் சட்டம் இடமளிக்கிறது. அப்படியைத் தோழருக்கு வழங்க இடமளிப்பதில்லை.

புதிய கண்டுபிடிப்புக்கு அரசு 20 ஆண்டுக் காலம் அளிக்கும் தனியுரிமை காப்புரிமை எனப்படும். நாளிதழ்கள் பதிப்புரிமையையும் காப்புரிமை என்றே எழுதிவிடுவதால் படிப்போர் மயங்குவதுண்டு, இரண்டும் வெவ்வேறு. இந்தியச் சட்டப்படி கணினி நிரல் என்ற அளவில் மட்டும் ஒன்றுக்குக் காப்புரிமை கிடைப்பதில்லை. பெயரையும் அடையாளத்தையும் காப்பது வணிகச் சின்னம்.

சிம்ப்யூட்டரை ஆக்கியோர் ஓர் அறக்கட்டளை அமைத்து வடிவமைப்பின் உரிமையை அதனிடம் ஒப்படைத்தனர். அக்கருவி லினக்ஸ் இயக்கமுறைமையில் இயங்கியது. லினக்ஸ், ‘பொது மக்கள் உரிமம்’ எனப்படும் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வழங்கப்படுவது. அவ்வுரிமப்படி எவரும் நிரலைப் பயன்படுத்தலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்கு வழங்கும்போது மூல நிரலையும் அதே உரிமையோடு வழங்க வேண்டும். இது உரிமையைத் துறப்பதன்று. பதிப்புரிமையைக் கொண்டே கதவைத் திறந்து வைக்கும் உத்தி இது.

அதே உத்தியை வன்பொருளுக்கும் பொருத்த அறக்கட்டளை முயன்றது. வடிவமைப்பை எவரும் பெறலாம். விற்பனைக்காகச் செய்யும் நிறுவனம் ஒருமுறை கட்டணம் செலுத்த வேண்டும். வளரும் நாட்டு நிறுவனத்திற்கு 25,000 டாலர், வளர்ந்த நாட்டு நிறுவனத்திற்கு 2,50,000 டாலர். அந்நிறுவனம் செய்யும் மேம்பாட்டை ஓராண்டுக் காலம் தனக்கெனப் பயன்படுத்திப் பொருளீட்டலாம். அதன்பின் அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். முதலீடு செய்தவருக்கு ஓராண்டு முந்துரிமை, பின்னர் அனைவருக்கும் பொதுவுரிமை என்னும் இவ்வேற்பாடு நுட்பமானது. வரையறுத்த தரத்தில் அமையாத கருவி ‘சிம்ப்யூட்டர்’ என்னும் பெயரைத் தாங்க இயலாது. வணிகச் சின்ன உரிமை அதற்குக் காவலாயிற்று.

தமிழர்க்கு இச்சிந்தனை முற்றிலும் புதிதன்று. பாரதியார் மறைந்து 28 ஆண்டுகளுக்குப் பின், 1949இல், அவருடைய படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு பெற்றது. பின்னர் அது பொதுமக்களுக்கே உரியதாயிற்று. அங்கே அரசு முன்வந்து பொதுவாக்கியது. இங்கே ஆக்கியோரே முன்வந்தனர்.

2004இல் பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ‘அமிடா’ என்னும் பெயரில் சிம்ப்யூட்டரைச் செய்து அளித்தது. ஆயினும் விற்பனை சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. எண்ணிக்கை பெருகாததால் விலை குறையவில்லை. விலை குறையாததால் எண்ணிக்கை பெருகவில்லை. அதற்குள் மலிவான கைப்பேசிகள் சிற்றூர்களை அடைந்துவிட்டன. உரிமத்தைத் தாராளமாக்கியதே தோல்விக்குக் காரணம் என்று கூறுவது பொருந்தாது. வடிவமைப்புக்கு வழிவிட்ட உரிமம், தொழிற்சாலையையும் முதலையும் தேடித் தர இயலவில்லை என்பதே உண்மை.

எழுத்தைப் படித்துக் காட்டிய மென்பொருளின் கதை வேறு. ரமேஷ் ஹரிஹரன் தொடங்கிய அதன் பெயர் ‘த்வனி’. அதன் மூல நிரல் ஜிபிஎல் உரிமத்தில் இருந்தமையால், சந்தோஷ் தோட்டிங்கல் என்னும் கேரளப் பொறியாளர் பிற்காலத்தில் அதனை எடுத்து வளர்த்தார். தமிழ், மலையாளம் உள்ளிட்ட மேலும் பல மொழிகளைப் பேச அது கற்றுக்கொண்டது. அதற்கு அவர் எவரிடமும் தனியே இசைவு கேட்க வேண்டியிருக்கவில்லை.