சின்னப்பர் முதல் பவுல் வரை

கி.மு. 168-இல் பித்னா போரில் மாசிடோனிய மன்னன் பெர்சியஸை வீழ்த்திய ரோமானியத் தளபதி லூசியஸ் எமிலியஸ் பவுலஸ். இதில் ‘பவுலஸ்’ என்பது அவருக்கென்று சூட்டிய பெயரன்று. எமிலிய குலத்தின் ஒரு கிளை வழிவழியாகத் தாங்கிய குடும்பப் பெயர். லத்தீனில் அதற்குச் ‘சிறியவர்’ என்று பொருள்.

உலகமே பிள்ளைகளுக்கு இடும் பெயராக அது மாறியது, தர்சு நகரத்துச் சவுலால். பிறப்பிலேயே ரோமைக் குடியுரிமை பெற்ற அவரை, சைப்ரஸ் ஆளுநர் செர்கியு பவுலைச் சந்திக்கும் இடத்திலிருந்து ‘பவுல்’ என்றே திருத்தூதர் பணிகள் நூல் அழைக்கிறது. திருத்தூதர்களுள் தாமே கடையர் என்று அவர் எழுதியதை, இந்தப் பெயரோடு சேர்த்துப் பார்த்தார் புனித அகுஸ்தினார். ஐரோப்பாவில் அது பால், பாவ்லோ, பாப்லோ, பாவெல் எனப் பரவியது. ஒலி தங்கியது, பொருள் மறைந்துபோனது.

தமிழ்க் கத்தோலிக்கர்களோ பொருளையே பெயராக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு அவர் ‘சின்னப்பர்’. பேதுரு ‘இராயப்பர்’, யோவான் ‘அருளப்பர்’. சூன் 29 அன்று இராயப்பர், சின்னப்பர் இருவருக்கும் திருநாள். பழைய வேதாகமத்திலும் ஜெபப் புத்தகங்களிலும் ‘அர்ச். சின்னப்பர்’ என்றே அச்சிட்டார்கள். பெயரின் பொருளைத் தமிழில் சொல்லும் இந்த மனப்பாங்கு, தேம்பாவணியில் சூசையப்பரை ‘வளன்’ என்று பாடிய வீரமாமுனிவரின் காலத்தது. நடிகர் பி.யு.சின்னப்பா, படத்தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் போன்ற இந்துக்களும் தாங்கிய பெயர் என்பதால், ஞானஸ்நானம் பெற்ற சின்னப்பன் ஊருக்கு அந்நியனாகத் தெரியவில்லை.

சீர்திருத்தச் சபையாரிடம் முன்பே ‘பவுல்’ வழங்கியது. எல்லாச் சபைகளுக்கும் பொதுவாக 1995-இல் வந்த திருவிவிலிய மொழிபெயர்ப்பும் அதையே ஏற்றது. சபைகள் ஒரே பெயரால் ஒரே திருத்தூதரை அழைப்பது நல்ல காரியம்தான். ஆனால் கோயில் வாசகத்திலிருந்து விலகிய பெயர் தொட்டிலிலிருந்தும் விலகுகிறது. இன்று சின்னப்பன் என்றால் பெரும்பாலும் தாத்தாவின் பெயர், பேரனுக்குப் பால்.

பெருமையைப் பறைசாற்றும் பெயர்களைத் தேடும் காலத்தில், பணிவைக் கற்றுத் தரும் பெயர் ஒன்று நம்மிடம் இருக்கிறது. பதிவேட்டில் பால் என்றே எழுதட்டும். வீட்டில் பிள்ளையைச் சின்னப்பா என்று கூப்பிடுங்கள். ஏன் அந்தப் பெயர் என்று அவன் கேட்கும்போது, தாத்தாவையும் தர்சு நகரத்தாரையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கலாம்.