ஒரு படி நெல்லும் உலக வெம்மையும்

உலகம் நாளுக்கு நாள் வெம்மையுறுகின்றது என்னும் செய்தி இந்நாளிற் பள்ளிச் சிறாரும் கேட்டறிந்த ஒன்றே. ஆயினும் கேட்டறிதல் வேறு, கண்டறிதல் வேறு. எம் கல்லூரிக்கு அணித்தாயுள்ள நடுநிலைப் பள்ளியொன்றில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்பொருளைச் செய்துகாட்டிக் கற்பிக்கும் பணி, சனிக்கிழமைதோறும் எம்மைச் சார்ந்தது. தமிழ் பயில்வார்க்குப் பௌதிகத்தில் யாது வேலை என நகைத்த நண்பரும் உளர். யாம் செய்தவற்றையும் அவற்றுட் பிழைத்தவற்றையும், பின்வருவார் பயன் கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் கரியமிலவாயு. கண்ணுக்குப் புலனாகாத இதனைப் பிள்ளைகள் தம் மூச்சிலேயே காணலாம். சுண்ணாம்பை நீரிற் கரைத்துத் தெளியவைத்து, மேனின்ற தெளிவைக் கண்ணாடிக் குவளையில் வார்த்து, குழல் வழியே மெல்ல ஊதின், சிறிது போழ்தில் அது பால்போல் வெளுக்கும். (ஊதுதற்கு மாறாக உறிஞ்சிவிடாதபடி காத்தல் உடனிருப்பார் கடன். ஒருவன் உறிஞ்சியே விட்டான். உடனே துப்பச் செய்து வாய் கொப்புளிப்பித்தோம்.)

இனி, அவ்வாயு காற்றில் எத்துணை உளது? பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்றால் பெரியோர்க்கும் மனத்திற் பதிவதில்லை. இவ்விடத்தேதான் எம் தமிழ்ப்படிப்பு கைகொடுத்தது. பழைய முகத்தலளவையில் 360 நெல் கொண்டது ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 8 ஆழாக்கு ஒரு படி. ஆகவே ஒரு படிக்கு 14,400 நெல். ஆலைத் தொழில்கள் பெருகுமுன், ஏறத்தாழ 1750-ஆம் ஆண்டளவில், காற்றில் இவ்வாயு பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது. 2024-இல் அது 424 பங்கு. படிக்கணக்கிற் கொண்டால் முன்னது 4 நெல், பின்னது 6 நெல். ஒரு மாணவியின் வீட்டினின்றும் ஒரு படி நெல் வாங்கிப் பாயிற் கொட்டி, சிவப்பு மை தோய்த்த 4 மணிகளை அதனுட் கலந்து தேடச் செய்தோம். பின்னர் மேலும் இரண்டு இட்டோம். வகுப்பறை சந்தைக்கடையாயிற்று. ஆறாவது மணி இறுதிவரை அகப்படவேயில்லை.

“இரண்டு நெல்லா உலகத்தைச் சுடும்?” என்று வினவினாள் நெல் கொணர்ந்த சிறுமி. நல்ல வினா. காற்றிற் பெரும்பகுதியாகிய நைட்ரஜனும் பிராணவாயுவும் பூமியினின்று மேலெழும் வெப்பக் கதிர்களைத் தடுப்பதில்லை; கரியமிலவாயுவும் நீராவியும் அவை போன்ற சிலவுமே தடுக்கின்றன. எனவே அவ்விரண்டு மணியும் கூடியது 14,400 மணிகளோடன்று, முன்னிருந்த நான்கினோடேயாம். அண்டா நிறைந்த நீரிற் சில துளி சொட்டு நீலம் விட்டுக் காட்டிய பின்னரே அவள் ஒருவாறு உடன்பட்டாள்.

அடுத்துச் செய்ததே எம்மை நாணச் செய்தது. இரு கண்ணாடிப் புட்டிகளில் உஷ்ணமானிகளை இட்டு, ஒன்றில் மட்டும் ஆப்பச் சோடாவும் காடியும் கலந்தெழுந்த கரியமிலவாயுவை நிரப்பி, இரண்டையும் வெயிலில் வைத்தோம். வாயு நிரம்பிய புட்டியே மிகுதியாகச் சுட்டது. பிள்ளைகள் கைகொட்டினர், யாமும் மகிழ்ந்தோம். பௌதிக ஆசிரியரிடம் இதனைக் கூறியபோது அவர் மகிழ்ந்திலர். 2010-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் இத்தகைய பரிசோதனையை நுணுகி ஆய்ந்து, முடிவு சரியே, காரணம் தவறு எனக் காட்டியுள்ளனராம். கரியமிலவாயு காற்றினும் கனமானது. ஆதலின் அது புறக்காற்றோடு எளிதிற் கலவாது வெப்பத்தைத் தன்னுள் நிறுத்திக்கொள்ளும். வெப்பக் கதிர்களைச் சிறிதும் தடுக்காத, ஆனாற் கனமான, ஆர்கான் வாயுவை நிரப்பினும் அவ்வாறே சுடுமாம்.

மறு சனிக்கிழமை இதனை மறைத்துவிடலாமோ என்று எண்ணியதும் உண்டு. எண்ணியதை விடுத்து உள்ளபடி உரைத்தோம். “அப்படியானால் உலகம் சுடுவதும் பொய்தானா?” என்றான் ஒருவன். அஞ்சியது நிகழ்ந்தது. 1856-இல் யூனிஸ் ஃபூட் என்னும் அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, கரியமிலவாயு நிறைந்ததே மிகச் சுடக் கண்டு, இவ்வாயு மிகின் உலக வெம்மையும் மிகும் எனக் கருதியதைக் கூறினோம். அவர் கருவியும் வெயிலையும் பூமியின் வெப்பக் கதிரையும் பிரித்தறிய வல்லதன்று. அதனைச் செய்தவர் லண்டன் நகரில் ஜான் டிண்டால். 1859-இல் நீண்ட குழாயினுள் வாயுவை அடைத்து, ஒரு முனையினின்று வெப்பக் கதிரைச் செலுத்தி, மறுமுனையில் அது குறைந்து வருதலை அளந்தார். உண்மைக்குச் சான்று அக்குழாயே, எம் புட்டியன்று என்றோம். பையன் ஒப்பினான்; “அந்தக் குழாயை எப்போது கொண்டுவருவீர்கள், அண்ணா?” என்றும் கேட்டான்.

பனிக்கட்டிப் பரிசோதனை இடரின்றி முடிந்தது. ஒரு குவளை நீரிற் பனிக்கட்டியை மிதக்கவிட்டோம். மற்றொன்றில் நீருக்கு மேல் உயர்ந்த கல்லின்மீது வைத்தோம். மிதந்தது உருகியும் நீர்மட்டம் உயரவில்லை. கல்மேலிருந்தது உருகவே உயர்ந்தது. கிரீன்லாந்தின் நிலத்தின்மேல் உள்ள பனி முழுதும் உருகுமாயின் கடல் ஏறத்தாழ 7 மீட்டர் உயரும் என்பதை அதன்பின் விளக்குதல் எளிதாயிற்று. மீன் சந்தையில் வாங்கிய கட்டியாதலின் அறை முழுதும் மீன் நாறியது.

வருமாண்டு இப்பணியை ஏற்பார் நெல்மணிகளை முதல்நாளே மையில் தோய்த்து நன்கு உலர்த்திக்கொள்க; ஈரமணி ஏனைய நெல்லிலும் சாயம் ஏற்றிவிடும். புட்டிகள் எம் விடுதியறையில் உள்ளன. வேண்டுவோர் பெற்றுக்கொள்ளலாம், பெறுவோர் பிழையையும் உடன் சொல்லியே காட்டுக.