மென்படலத்தில் பிறக்கும் மின்சாரம்

சென்ற பொங்கல் விடுமுறைக்குத் திருப்பதியிலிருந்து சித்தூருக்குச் சென்றிருந்தேன். என் பாட்டனார் குடியாத்தத்திலிருந்து பிழைப்பு நாடி வந்து சித்தூரில் குடியேறியவர். அவர் மறைந்த பின் எங்கள் வீட்டில் மூத்தவர் பாட்டியே. அவர் மார்பில், தோலுக்கடியில், தீப்பெட்டியளவுக் கருவியொன்று பதினோராண்டுகளாக இருந்து வருகிறது. இதயம் துடிக்கத் தயங்கும்போதெல்லாம் சிறு மின்துடிப்புத் தந்து அதைத் தட்டியெழுப்பும் பேஸ்மேக்கர் அது. அதன் பாட்டரி தீருங்காலம் நெருங்கிவிட்டது. எண்பத்திரண்டு வயதில் மீண்டும் கத்தி வைத்தாக வேண்டும் என்று டாக்டர் கூறிவிட்டார்.

“பௌதிகம் படிக்கிறேன்னு சொல்றியே கண்ணு, இதுக்குத் தானா கரண்டு வர்ற மாதிரி ஒண்ணும் பண்ண முடியாதா?” என்று கேட்டார் பாட்டி. எந்தப் பரீட்சையிலும் நான் இப்படி விழித்ததில்லை. அன்று தட்டுத் தடுமாறிச் சொன்னதை இங்கே சற்று ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

பாட்டியின் கேள்வி பேதைமையானதன்று. நம் இதயம் இரத்தத்தைத் தள்ளச் செய்யும் வேலை ஏறக்குறைய ஒரு வாட். பேஸ்மேக்கர் வேண்டுவதோ சுமார் 10 மைக்ரோவாட். அதாவது அந்த ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. அசைவு அங்கேயே இருக்கிறது. அதை மின்சாரமாக்க வேண்டியதுதான் பாக்கி.

அதற்கு வழியும் புதிதன்று. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதை 1880-இல் ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் பிரெஞ்சுச் சகோதரர்கள் கண்டனர். நம் வீட்டு அடுப்படியில் ‘டிக்’ என்று பொறி தட்டும் காஸ் லைட்டரில் இருப்பது இத்தகைய படிகமே. இதனை அழுத்த மின்சாரம் எனலாம்.

இதைக் கேட்டதும் எங்கள் விடுதி நண்பரொருவர், “அப்படியானால் அலிபிரிப் படிகளுக்கடியில் இதைப் பதித்துவிட்டால் திருமலைக்கே விளக்கெரிக்கலாமே!” என்று துள்ளினார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். அறுபது கிலோ எடையுள்ளவர் மிதிக்க, தகடு 5 மில்லிமீட்டர் இறங்கினால் கிடைப்பது சுமார் 3 ஜூல். படிகள் 3,550 என்பர். அத்தனையும் ஏறி முடித்து, ஒரு துளியும் வீணாகாமல் மின்சாரமானாலும், ஒரு செல்பேசிப் பாட்டரியில் ஆறில் ஒரு பங்குகூட நிரம்பாது! அதுவும் பக்தரின் முழங்காலிலிருந்து பிடுங்கியது. இம்முறையின் இடம் பெரிய விளக்குகளில் இல்லை. கைக்கடிகாரம், உணர்கருவி, பேஸ்மேக்கர் போன்ற சின்னஞ்சிறு கருவிகளில்தான் உள்ளது.

2014-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பாட்டியின் கேள்வியையே சோதித்துப் பார்த்தனர். கனன் டாடெவிரென், ஜான் ரோஜர்ஸ் முதலியோர் பி.இஸட்.டி. என்னும் படிகப் பொருளை மெல்லிய நாடாக்களாக்கி, பசு, ஆடு இவற்றின் இதயத்தின்மேல் பொருத்தி, துடிப்பிலிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டினர். கனமாக இருந்தால் நொறுங்கும் பொருள், மெலிந்ததும் துணிபோல் வளைந்தது. ஆனால் பி.இஸட்.டி.யில் ஈயம் உண்டு. ஈயமென்றால் நம் பகுதியினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரகம்பாடியில் அமரராஜா தொழிற்சாலை செய்யும் வண்டிப் பாட்டரிகளின் உயிரே அதுதான். வண்டிக்குள் இருக்கலாம், உடலுக்குள் வைக்க மனம் ஒப்பாது.

ஈயமில்லாத, இன்னும் மெல்லிய பொருள் உண்டா? அதே 2014-இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகமும் கொலம்பியா பல்கலைக்கழகமும் ஒரு விடை தந்தன. மாலிப்டினம் டைசல்பைடு என்பது அப்பொருள். மெக்கானிக்குகள் சிலவகைக் கிரீஸில் காணும் கறுப்புத்தூள் இதுவே. சித்தூருக்குத் தென்மேற்கே அரூர், ஊத்தங்கரைப் பாறைகளிலும் இதன் தாதுவைக் கண்டிருக்கின்றனர். ஏடு ஏடாக உரியும் இதன் ஓர் ஏட்டின் கனம் 0.65 நானோமீட்டர், தலைமயிரின் கனத்தில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு!

அந்த ஏட்டை மேலிருந்து பார்த்தால் தேன்கூட்டு அமைப்பு. மூலைகளில் மாலிப்டினமும் கந்தகமும் மாறி மாறி அமர்ந்திருக்கும். இழுத்தால் அறைகள் கோணும், நேர்மின்னும் எதிர்மின்னும் விலகி நிற்கும், மின்சாரம் பிறக்கும். விந்தை என்னவெனில், இரண்டு ஏடுகள் சேர்ந்திருந்தால் ஒன்றும் பிறப்பதில்லை. அடுத்தடுத்த ஏடுகள் எதிரெதிர்த் திசை நோக்கியவை. சம பலமுள்ள இருவர் கயிறிழுத்தாற்போல ஒன்றை ஒன்று அழித்துவிடும். மூன்று ஏடுகளில் ஒன்று மிஞ்சுவதால் மீண்டும் தோன்றும். ஏடுகள் பெருகப் பெருக, ஒற்றைப்படையாயினும் பலன் தேய்ந்துபோம். எனவே மெலிவு என்பது இங்கே சிக்கனத்துக்காகவன்று. மெலிந்தால்தான் அந்தக் குணமே வரும்.

அவர்கள் ஓரேட்டுச் செதிலை 0.53 சதவீதம் நீட்டியபோது உச்சத்தில் கிடைத்தவை 15 மில்லிவோல்ட், 20 பிகோஆம்பியர். பாட்டியின் கருவிக்கு இத்தகைய செதில்கள் மூன்று கோடிக்கு மேல் வேண்டும். மலைக்க வேண்டாம்; பரப்புக் கணக்கில் சதுர மீட்டருக்கு 2 மில்லிவாட் ஆவதால், அத்தனை கோடியும் ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவில் அடங்கிவிடும்.

இடர் வேறிடத்தில் இருக்கிறது. 2 மில்லிவாட் என்பது உச்ச கணத்தின் அளவே. சராசரி அதனினும் தாழ்ந்தது. மேலும், இழுக்கும்போது ஒருபக்கமும் விடும்போது மறுபக்கமும் பாயும் மின்சாரத்தை ஒருமுகப்படுத்த டயோடு தேவை. சாதாரண டயோடு திறக்கவே வோல்ட்டில் சில பத்திலொரு பங்குகள் வேண்டும். 15 மில்லிவோல்ட் அந்த வாசலைத் தட்டக்கூட உயரம் போதாத குழந்தை. செதில்களைத் தொடராகக் கோத்து உயரம் ஏற்ற வேண்டும். ஒரே சீரான பெரிய ஏடுகளை வளர்க்க வேண்டும். ஈரமான உடலுக்குள் பல்லாண்டு உரியாமல் அவை நிற்க வேண்டும். பட்டம் பெற்றபின் நான் இறங்க விரும்புவது இரண்டாவது வேலையில்.

இவ்வளவையும் பாட்டி பொறுமையாகக் கேட்டார். “அப்போ இன்னும் வரல்லே, அதானே?” என்றார். ஆமென்றேன். அடுத்த மாதம் அவரை வேலூருக்கு அழைத்துச் செல்கிறோம். புதிதாக வைக்கப்போவதும் பாட்டரிக் கருவிதான்.