கால் பிழைத்த பின்னர்

பால்மரத்தின் வெட்டுக்கோட்டில் ஒட்டுப்பால் காய்ந்து அடைத்துக்கொண்டால், பால் மங்குக்கு வந்து சேராது. நம் கால்களிலும் இத்தகைய அடைப்பு ஏற்படுவதுண்டு. இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகிவிடுகிறது. புகைபிடித்தல், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவை இந்நோயை வளர்க்கின்றன. மலேசியாவில் பெரியவர்களுள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டென 2023-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு காட்டியது. ஆகவே, இது நமக்கு அயலான நோயன்று.

தொடக்கத்தில் நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் தணியும். நோய் முற்றினால், படுத்திருக்கும்போதும் பாதம் வலிக்கும். காலைக் கீழே தொங்கவிட்டு இரவெல்லாம் விழித்திருக்க நேரும். சிறு காயமும் ஆறாது, விரல் கறுக்கும். அந்நிலையில் காலந்தாழ்த்தினால் காலையே இழக்க நேரிடலாம்.

சிகிச்சை தரும் பயன்

இதற்கு இருவகைச் சிகிச்சைகள் உள்ளன. குழாய்க்குள் சிறு பலூனைச் செலுத்தி விரித்து வழியைத் திறப்பது ஒன்று. நோயாளியின் காலிலிருந்தே நரம்பு எனப்படும் இரத்தநாளம் ஒன்றை எடுத்து, அடைப்பைச் சுற்றி மாற்றுவழி அமைப்பது மற்றொன்று. அமெரிக்கா, கனடா, பின்லாந்து, இத்தாலி, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் 1,830 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வெளிவந்தது. மாற்றுவழிக்கு ஏற்ற நல்ல இரத்தநாளம் உடையவர்களுக்கு அறுவை சிகிச்சையே கூடுதல் பலனளித்தது. எனினும், இருவகைச் சிகிச்சை பெற்றோருக்கும் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது.

வாழ்க்கைத் தரத்தை எவ்வாறு அளப்பது? இதற்கென 25 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. வலி, நோய்க்குறிகள், அன்றாட நடமாட்டம், மனநிலை, பிறரோடு பழகுதல் ஆகிய ஐந்தையும் அது வினவுகிறது. கால் காப்பாற்றப்பட்டால் மட்டும் போதாது. அம்மனிதர் நிம்மதியாக உறங்குகிறாரா, கடைக்கும் கோவிலுக்கும் சென்று வருகிறாரா, அச்சமின்றி வாழ்கிறாரா என்பதும் மருத்துவமே.

நம் கையில் உள்ளவை

சிகிச்சைக்குப் பின் காயம் ஆறப் பல மாதங்கள் ஆகலாம்; அறுவை செய்த கால் சிலகாலம் வீங்கியிருக்கலாம். இதனால் மனந்தளர வேண்டாம். புகைபிடிப்பதை அறவே விட்டுவிட வேண்டும். புகைப்போருக்கு மாற்றுவழி மீண்டும் அடைபடும் அபாயம் அதிகம். மருத்துவர் தந்த மாத்திரைகளை, வலி நின்றுவிட்டதென்று நாமாக நிறுத்தலாகாது. காயம் ஆறி மருத்துவர் இசைந்தபின், வலிக்கும்வரை நடந்து, சற்று நின்று, மீண்டும் நடந்து பழக வேண்டும். நாள்தோறும் பாதத்தின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். கண் தெரியாதவருக்கு வீட்டார் பார்த்துச் சொல்லலாம். வெறுங்காலோடு நிரைக்குள் இறங்குவதைத் தவிர்ப்போம்.

ஒருவேளை காலை இழக்க நேர்ந்தாலும் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழகியோர் பலர். சொக்சோவில் சந்தா செலுத்திய தொழிலாளர், தமக்குரிய உதவியையும் மறுவாழ்வுப் பயிற்சியையும் பற்றி அதன் அலுவலகத்தில் கேட்டறியலாம்.

நோயுற்றவர் வாய்விட்டுச் சொல்லாத துயரத்தையும் குடும்பத்தார் கேட்டறிவது நன்று. இரண்டு வாரங்களாகியும் ஆறாத புண் காலில் இருந்தால், கைமருந்து தேடி நாளை வீணாக்காமல் உடனே அரசாங்க மருந்தகத்துக்குச் செல்வோம். விரல் கறுத்தாலோ, கால் திடீரெனக் குளிர்ந்து வலித்தாலோ ஒரு நாளும் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைவோம். உரிய காலத்தில் எடுத்துவைக்கும் அந்த ஓரடியே, பின்னர் நாம் நடக்கவிருக்கும் பல்லாயிரம் அடிகளுக்கு வழிவிடும்.