காஞ்சிபுரம் குடலை இட்லி

காஞ்சிபுரம் குடலை இட்லி என்பது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் நகரில் மூங்கில் குடலையில் மாவை நிரப்பி, நீராவியில் நெடுநேரம் அவித்துச் செய்யப்படும் ஓர் இட்லி வகை ஆகும். இது கோயில் இட்லி எனவும் அழைக்கப்படுகின்றது. 108 வைணவத் திருத்தலங்களுள் ஒன்றான வரதராஜப் பெருமாள் கோயிலில் இது இறைவனுக்குப் படைக்கப்பட்டுப் பின்னர் அடியார்களுக்குப் பிரசாதமாக வழங்கப்படுகின்றது. ஊறவைத்தல், நொதித்தல், அவித்தல் என்னும் மூன்று நிலைகளிலும் காத்திருக்கும் நேரமே இவ்வுணவின் சுவை, பதம், பாதுகாப்பு ஆகியவற்றைத் தீர்மானிக்கின்றது.

பெயர்

குடலை என்பது மூங்கிற் பட்டைகளால் முடையப்பட்ட நீண்ட கூடையைக் குறிக்கும். கோயில்களுக்குப் பூ எடுத்துச் செல்லும் கூடையைப் பூக்குடலை என்பர். அத்தகைய உருளை வடிவக் கூடையில் அவிக்கப்படுவதால் இவ்விட்லி குடலை இட்லி எனப் பெயர் பெற்றது.

வரலாறு

இட்லியைப் பற்றிய பழைய குறிப்புகள் கன்னட, வடமொழி நூல்களில் காணப்படுகின்றன. கி.பி. 920 அளவில் எழுதப்பட்ட வட்டாராதனை என்னும் கன்னட நூல் 'இட்டலிகெ' என்னும் உணவைக் குறிப்பிடுகின்றது. கி.பி. 1025 அளவில் இரண்டாம் சாவுண்டராயர் எழுதிய லோகோபகாரம் அதன் செய்முறையைத் தருகின்றது. உளுந்தை மோரில் ஊறவைத்து அரைத்து, தயிரின் தெளிந்த நீரும் சீரகம், மிளகு, பெருங்காயம் முதலிய மணப்பொருட்களும் சேர்ப்பது அம்முறையாகும். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசமும் (கி.பி. 1130 அளவில்) இவ்வுணவைக் குறிப்பிடுகின்றது.

உணவு வரலாற்று ஆய்வாளர் கே. டி. அச்சையா, இப்பழைய குறிப்புகளில் அரிசி சேர்த்தல், மாவை நெடுநேரம் நொதிக்க விடுதல், நீராவியில் அவித்தல் ஆகிய மூன்றும் இல்லை எனச் சுட்டிக்காட்டினார். இவை இந்தோனேசியத் தொடர்பால் வந்திருக்கலாம் என அவர் கருதினார். இக்கருத்தை ஏற்காத ஆய்வாளர்களும் உள்ளனர்.

இன்றைய வெள்ளை இட்லியில் மணப்பொருட்கள் சேர்க்கப்படுவதில்லை. காஞ்சிபுரம் இட்லியிலோ மிளகு, சீரகம், பெருங்காயம் ஆகியன உள்ளன. இவ்வகையில் இது பழைய நூல்கள் கூறும் உணவோடு ஒத்திருக்கின்றது. இதில் மிளகாய் சேர்க்கப்படுவதில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசர் வழியாக இந்தியாவுக்கு வந்த பயிராகும். கோயில் மடைப்பள்ளிகள் பலவற்றில் இன்றும் காரத்திற்கு மிளகே பயன்படுகின்றது.

செய்முறை

பச்சரிசியும் உளுந்தும் தனித்தனியே ஊறவைக்கப்பட்டு ரவை போன்ற கொரகொரப்பான பதத்தில் அரைக்கப்படுகின்றன. உப்புச் சேர்த்துக் கலந்த மாவு இரவு முழுவதும் புளிக்க விடப்படுகின்றது. வீடுகளில் தயிர் சேர்ப்பதும் உண்டு. பின்னர் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் அல்லது நல்லெண்ணெய் ஆகியன சேர்க்கப்படுகின்றன. குடலையின் உட்புறத்தில் மந்தாரை இலைகளைப் பரப்பி, அதனுள் மாவை ஊற்றி, பெரிய பாத்திரத்தில் நீராவியில் அவிப்பர். பெரிய குடலையில் அவித்த இட்லி ஒரு கிலோகிராமுக்கு மேல் எடை கொண்டிருக்கும். அதனைத் துண்டுகளாக வெட்டி வழங்குவர்.

காத்திருப்பு நேரம்

இவ்விட்லியைச் செய்து முடிக்கப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் கைவேலை ஒரு சிறு பகுதியே; எஞ்சியது காத்திருப்பு. மரபான தமிழ்க் கால அளவில் ஒரு நாழிகை 24 நிமிடமும், ஒரு சாமம் ஏழரை நாழிகையும், அதாவது 3 மணி நேரமும் ஆகும். அவ்வளவில் நிலைகள் பின்வருமாறு அமையும்:

* ஊறவைத்தல்: 4 முதல் 6 மணி நேரம் (10 முதல் 15 நாழிகை)
* நொதித்தல்: 8 முதல் 12 மணி நேரம் (20 முதல் 30 நாழிகை)
* அவித்தல்: 2 முதல் 3 மணி நேரம் (5 முதல் ஏழரை நாழிகை)

ஒவ்வொரு நிலையிலும் காத்திருப்பின் இயல்பு வேறுபடுகின்றது. ஊறும் நேரத்தில் அடுத்த நிலைகளுக்கான ஆயத்தங்களைச் செய்யலாம்: குடலையைக் கழுவி உலர்த்தலாம், இலைகளைத் துடைத்து அடுக்கலாம், மிளகையும் சீரகத்தையும் பொடிக்கலாம். நொதிக்கும் நேரத்தில் செய்ய வேண்டியது ஏதும் இல்லை. மாவைத் திறந்து கிளறினால் அதில் தங்கியுள்ள வளி வெளியேறிவிடும். ஆகவே மாலையில் அரைத்து, இரவில் உறங்கி, விடியலில் அவிப்பது இயல்பான ஒழுங்காயிற்று. அவிக்கும் நேரத்தில் அடுப்பை விட்டு நெடுந்தொலைவு செல்ல இயலாது. பாத்திரத்தில் நீர் வற்றினால் நீராவி நின்று, இட்லியின் நடுப்பகுதி வேகாமல் போகும். இந்நேரத்தில் நீரின் அளவைக் கவனித்துக் கொதிநீர் சேர்ப்பதும், அடுப்பருகில் இருந்தபடியே தொட்டுக்கொள்ளும் பொடி, சட்னி முதலியவற்றை ஆக்குவதும் வீடுகளில் வழக்கம்.

நொதித்தலின் அறிவியல்

லாக்டிக் அமில நொதித்தலுக்கு நுண்ணுயிர்களே காரணம் என்பதை 1857 ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் விளக்கினார். இட்லி மாவுக்குப் புறத்தேயிருந்து நொதியம் சேர்க்க வேண்டியதில்லை. தேவையான நுண்ணுயிர்கள் அரிசியிலும், சிறப்பாக உளுந்திலும் இயற்கையாகவே உள்ளன. அவற்றுள் லியூக்கோனொஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்னும் பாக்டீரியம் முதன்மையானது. இது சர்க்கரைகளிலிருந்து லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டாக்குகின்றது. அமிலத்தால் புளிப்பும், வளியால் மாவின் பொங்குதலும் ஏற்படுகின்றன. உளுந்தில் உள்ள புரதமும் பிசின் போன்ற மாவுப்பொருளும் வளிக்குமிழ்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அரிசியை மட்டும் புளிக்க வைத்தால் இட்லியின் மென்மை கிட்டாமைக்கு இதுவே காரணம்.

வெப்பநிலை ஏறத்தாழ 30 பாகை செல்சியசாக இருக்கும்போது நொதித்தல் நன்கு நிகழும். சித்திரை, வைகாசி மாதங்களின் வெப்பத்தில் மாவு விரைவில் புளித்துவிடும். மார்கழி இரவுகளில் கூடுதல் நேரம் தேவைப்படும். எனவே கடிகார நேரத்தைக் காட்டிலும் மாவின் உயரமும் மணமுமே சரியான அடையாளங்களாகும். குறைவாக நொதித்த மாவு அடர்த்தியாக இருப்பதால் குடலையின் நடுவே வேகாமல் கட்டியாக நின்றுவிடும். மிகுதியாக நொதித்தால் குமிழ்கள் உடைந்து மாவு அமிழ்ந்து, புளிப்பு மிஞ்சும். ஆறு இட்லித் தட்டுகளுள் ஒன்று கெட்டால் மற்றவை எஞ்சும். குடலையில் தவறு நேர்ந்தாலோ முழு இட்லியும் வீணாகும்.

அவிக்கும் நேரம் மிகுவதன் காரணம்

தட்டில் ஊற்றும் சிறிய இட்லி 10 முதல் 15 நிமிடங்களில் வெந்துவிடும். குடலை இட்லிக்கு மணிக்கணக்கில் நேரம் தேவைப்படுவதற்கு வெப்பம் பரவும் முறையே காரணம். நீராவியின் வெப்பம் வெளிப்புறத்திலிருந்து நடுப்பகுதிக்குக் கடத்தல் மூலம் மெதுவாகச் செல்கின்றது. ஒரே வடிவமுள்ள பொருளின் தடிமன் இரு மடங்கானால், நடுப்பகுதி சூடாகத் தேவையான நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். தடிமன் மும்மடங்கானால் நேரம் ஒன்பது மடங்காகும். தீயைக் கூட்டுவதால் இந்நேரம் குறையாது. திறந்த பாத்திரத்தில் நீராவியின் வெப்பநிலை ஏறத்தாழ 100 பாகை செல்சியசைத் தாண்டாது. மிகுதியான தீ நீரை விரைவில் வற்றச் செய்வதோடு சரி. இட்லி வெந்துள்ளதா என அறிய மெல்லிய குச்சியை நடுவே செருகிப் பார்ப்பர். குச்சியில் மாவு ஒட்டாமல் வந்தால் வெந்தது எனக் கொள்வர்.

பிற நாட்டு நொதித்தல் முறைகளுடன் ஒப்பீடு

தானியத்தை நொதிக்க வைப்போர் எல்லா நாடுகளிலும் காத்திருப்பை எதிர்கொள்கின்றனர். மேலை நாடுகளில் வீட்டில் பியர் காய்ச்சுவது ஒரு பொழுதுபோக்காக உள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இதற்கு வழிவகுத்தது. முளைகட்டிய வாற்கோதுமையை ஏறத்தாழ 65 பாகை செல்சியசு வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்த சாற்றை மேலும் ஒரு மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ கொதிக்க வைப்பர். இவ்விடைவேளைகளில் கலன்களைக் கழுவித் தொற்று நீக்குவதும், கசப்புக்கும் மணத்துக்குமான ஹொப் பூக்களை நிறுத்து வைப்பதும், வெப்பநிலையைக் குறித்துக்கொள்வதும் நடைபெறும். அதன்பின் ஈஸ்ட் சர்க்கரையை மதுசாரமாக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1937 ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இன்றி மது தயாரிப்பது குற்றமாகும்.

சப்பானில் அரிசியிலிருந்து சாக்கே வடிப்போர் மரபு முறையில் நொதிக்கூழைக் கழிகளால் இடிக்கும்போது பாடல்கள் பாடினர். அப்பாடல்கள் சோர்வையும் உறக்கத்தையும் போக்கியதோடு, கடிகாரம் பரவாத காலத்தில் வேலையின் நேரத்தை அளக்கவும் பயன்பட்டன.

இட்லி மாவில் முதன்மையாக நிகழ்வது லாக்டிக் அமில நொதித்தலே. எனவே அது பியரைக் காட்டிலும் கொரியாவின் கிம்ச்சி, செருமானியப் புளித்த முட்டைக்கோசு ஆகியவற்றுக்கு நெருக்கமானது. அவற்றிலும் லியூக்கோனொஸ்டாக் பாக்டீரியங்கள் பங்குகொள்கின்றன.

தற்கால மாற்றங்கள்

உணவகங்களிலும் வீடுகளிலும் காஞ்சிபுரம் இட்லி என்னும் பெயரில் செய்யப்படுவது பெரும்பாலும் எவர்சில்வர் குவளைகளிலோ சிறு கிண்ணங்களிலோ அவிக்கப்படுகின்றது. தடிமன் குறைவாதலால் அவிக்கும் நேரமும் வெகுவாகக் குறைகின்றது. மின் அரவை இயந்திரம் அரைக்கும் உழைப்பைக் குறைத்தது. கடைகளில் கிடைக்கும் புளித்த மாவு ஊறவைக்கும் நேரத்தையும் நொதிக்கும் நேரத்தையும் வீட்டிலிருந்து அகற்றியது. குளிர்சாதனப் பெட்டியின் தண்மை நுண்ணுயிர்களின் செயலை மந்தமாக்குவதால் மாவைச் சில நாட்கள் வைத்திருக்கவும் முடிகின்றது.

எனினும் குவளையில் அவித்த இட்லியில் சில வேறுபாடுகள் உள்ளன. மூங்கிலும் இலையும் நீராவியை ஓரளவு ஊடுருவ விடுவதால் மேற்பரப்பில் நீர் தேங்குவதில்லை. நெடுநேரம் வேகும்போது மந்தாரை இலையின் மணம் மாவில் இறங்குகின்றது. குடலையைத் துறந்து நேரத்தைச் சேமிப்போர் இம்மணத்தையும் இழக்க நேரிடுகின்றது. குடலை முடைதல், இலை சேகரித்தல் ஆகிய தொழில்களும் இவ்வுணவைச் சார்ந்தே உள்ளன.

இவற்றையும் பார்க்கவும்

* இட்லி
* காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில்
* நொதித்தல்
* நாழிகை